நாளை முதல் நான் இல்லை

சனிக்கிழமை காலையில் தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிட்டு, கல் காய்வதற்குள் போனை எடுத்துப் பார்த்தேன். எங்கள் வகுப்பு வலைப்பூவுக்கு ஒரு பதிவு வந்து என் அனுமதிக்காகக் காத்திருந்தது. தலைப்பு இல்லை. இரண்டே வரி.

"நாளை முதல் நான் இல்லை. எல்லாரும் க்ஷமிக்கணும், டீச்சர் என்னை நினைத்து விஷமிக்க வேண்டாம்."

கீழே என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பெயர் இருந்தது.

விஷமிக்க என்றால் மலையாளத்தில் வருத்தப்பட என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். திருவனந்தபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டில் தினமும் கேட்கிற சொல். தெரிந்து என்ன பயன், கண் முதல் இரண்டு எழுத்திலேயே நின்றுவிட்டது. விஷ. அதற்கு முன்னால் 'நான் இல்லை'. அதற்கும் முன்னால் 'நாளை முதல்'. கல் புகைய ஆரம்பித்ததும்தான் அடுப்பு எரிகிறது என்ற நினைவே வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. தென்காசிப் பக்கத்தில் பிறந்த எனக்கு இடி இடித்தால் பயம், தபால்காரர் மணி அடித்தால் பயம், தலைமை ஆசிரியை 'கொஞ்சம் வந்துட்டுப் போங்க' என்றால் காய்ச்சலே வரும். அப்படிப்பட்டவளிடம் போய் ஒரு நாள் அவர், "எல்லா மொழி டீச்சர்களும் வகுப்புக்கு ஒரு ப்ளாக் தொடங்கணும். பிள்ளைகள் எழுதட்டும், பேரன்ட்ஸ் படிக்கட்டும். ஹோம்வொர்க், லீவு எல்லாம் அதிலேயே போடுங்க" என்றார். நான்தான் இந்தப் பள்ளிக்கூடத்தின் தமிழ் டீச்சர். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிடும் என்று மனசு சொன்னது. வாய் 'சரி மேடம்' என்றது.

வகுப்பில் ஒரு பிள்ளை தப்பாக எழுதினால் என் மேஜையோடு போய்விடும். வலைப்பூவில் எழுதினால் ஊர் உலகமெல்லாம் படிக்கும். யாராவது படத்தை எடுத்து எதற்காவது பயன்படுத்தினால்? யாராவது முகம் தெரியாத ஆள் கமெண்ட் என்ற பெயரில் அசிங்கமாக எழுதினால்? அதனால் ஒரு பூட்டுப் போட்டு வைத்தேன். பிள்ளைகளின் படம் கிடையாது. பதிவோ கமெண்ட்டோ, எதுவானாலும் முதலில் என்னிடம் வரும். நான் படித்து, திருத்தி, அனுமதி கொடுத்தால்தான் வெளியே போகும். இந்த ஏற்பாடு செய்தபிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இங்கே தமிழ் எடுத்துப் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் ஒரு தமிழ், தெருவில் மலையாளம், பரீட்சைத் தாளில் இன்னொரு தமிழ் என்று மூன்றாகப் பிரிந்து கிடப்பவர்கள். கட்டுரை எழுது என்றால் பேனாவைக் கடிப்பார்கள். வலைப்பூ வந்ததும் என்ன மாயமோ, எழுத ஆரம்பித்தார்கள். எல்லாரையும்விட அதிகமாக எழுதியவள் இவள்தான். வகுப்பில் வாயைத் திறக்காத பெண். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்று சொல்கிற வரிசை வீடு ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். மலையில் வேலை குறைந்துபோனதும் அம்மாவும் இவளும் நகரத்துக்கு இறங்கிவிட்டார்கள். அப்பா மட்டும் லயத்தை விட்டு வர மனசில்லாமல் அங்கேயே இருக்கிறார்.

அவள் அந்த மலையை எழுதினாள். காலில் ஏறுகிற அட்டையை எழுதினாள். மூடுபனியில் காட்டுப்போத்து வாசலில் வந்து நின்றதை எழுதினாள். நான் காட்டுப்போத்தைக் காட்டெருமை ஆக்கினேன். 'வெள்ளம் வந்து, அம்மை ஓடிப்போய் குடத்தில பிடிச்சு' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, மலை உச்சியில் ஏது வெள்ளம் என்று முதலில் திகைத்தேன். பிறகுதான் அது குழாய்த் தண்ணீர் என்று புரிந்தது. தண்ணீராக மாற்றினேன். 'எனக்கு பேடி வந்து' என்று எழுதியிருந்தாள். தமிழில் பேடி என்றால் வேறு பொருள் ஆயிற்றே, நாலு பேர் சிரிப்பார்களே என்று 'அச்சம் என்னை ஆட்கொண்டது' என்று போட்டேன். போட்டுவிட்டு நானே ஒரு தடவை ரசித்துப் படித்துக்கொண்டேன்.

அந்தப் பதிவின் கீழே யாரோ ஒருவர், "ஒன்பதாம் வகுப்பு மாணவியா எழுதியது? என்ன தெளிந்த தமிழ்" என்று கமெண்ட் போட்டிருந்தார். சந்தோஷமாக அனுமதி கொடுத்தேன். அது நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் இந்த இரண்டு வரி.

வெள்ளம், பேடி மாதிரிச் சொற்களைக் கண்டால் நான் உஷாராகிவிடுவேன். இங்கே பொறி இருக்கிறது, தாண்டிப் போ என்று புத்தி சொல்லும். 'நான்', 'இல்லை' இரண்டும் பச்சைத் தமிழ். அதில் தாண்ட ஒன்றுமில்லை.

என்னிடம் இருந்தது அவளுடைய அம்மாவின் போன் நம்பர். கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப் என்று ஒரு பெண்குரல் மலையாளத்தில் நிதானமாகச் சொன்னது. மறுபடியும் கூப்பிட்டேன். அதே நிதானம். அதன் மேல் எனக்குக் கோபமே வந்தது.

ஆபீஸ் போயிருந்த கணவரைக் கூப்பிட்டேன். அவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பேச்சில் எது தமிழ், எது மலையாளம் என்று அவருக்கே தெரியாது.

"ஏங்க, ஒரு பொண்ணு சாகப் போறேன்னு ப்ளாக்ல எழுதி வச்சிருக்கா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"வீடு அறியுமா உனக்கு?"

"தம்பானூர்ல, லாட்ஜுகளுக்குப் பின்னாடி ஒரு சந்துன்னு சொல்லியிருக்கா."

"நீ ஒரு ஆட்டோ பிடிச்சுப் போ. நான் இங்க சொல்லிட்டு வண்டியில வரேன். பேடிக்கண்டா, கேட்டியா?"

பயப்படாதே என்று அவர் சொன்ன குரலே நடுங்கியது. அடுப்படியில் நின்ற கோலத்திலேயே, ஒரு துப்பட்டாவை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டு கரமனை மெயின் ரோட்டுக்கு வந்தேன். ஆட்டோவில் ஏறி தம்பானூர் என்றதும் டிரைவர் திரும்பிப் பார்த்து, "டிரெயினுக்காணோ சேச்சி?" என்று கேட்டார். தம்பானூரில் ரயில் நிலையம் இருக்கிறது, எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். ரயில் என்ற ஒன்று இருப்பதையே அதுவரை நான் நினைக்கவில்லை. "இல்ல, இல்ல" என்று தேவைக்கு அதிகமாகவே தலையை ஆட்டினேன்.

வழியெல்லாம் மனசு ஓயவில்லை. வீட்டில் என்ன கஷ்டமோ. யாராவது தொந்தரவு கொடுத்தார்களோ. நான் அனுமதித்த ஏதோ ஒரு கமெண்ட்டில் ஊசி இருந்து, என் கண்ணுக்குப் படாமல் போய்விட்டதோ. நடுவில், நாளைக்குப் பத்திரிகைக்காரர்கள் வந்தால் தலைமை ஆசிரியை என்னைக் கைகாட்டுவாரே என்றும் ஒரு பயம் எட்டிப் பார்த்தது. ஒரு குழந்தை இருக்கிறாளா இல்லையா என்று தெரியவில்லை, உனக்கு உன் வேலை பெரிதாகப் போயிற்றா என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டினாலும் அந்தப் பயம் போகவில்லை, ஓரமாக உட்கார்ந்துதான் இருந்தது.

அந்தச் சந்துக்குள் போய் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது கதவு பூட்டியிருந்தது. அடுத்த அறையில் துணி அலசிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மை கடைக்குப் போயி. மோளும் ராவிலே போயி. கரஞ்சோண்டா போயது. பேகும் எடுத்து."

மகளும் காலையிலேயே அழுதுகொண்டே போனாள், பையையும் எடுத்துக்கொண்டு போனாள். எந்தப் பக்கம் போனாள் என்று கேட்டேன். பார்க்கவில்லை என்று கையை விரித்தாள். அம்மா பழவங்காடி கணபதி கோயிலுக்குப் பக்கத்தில் தேங்காய்க் கடையில் வேலை பார்க்கிறாள் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சந்திலிருந்து பார்த்தால் ஸ்டேஷனின் கூரை தெரிகிறது. ஏதோ ஒரு வண்டி ஊதியது. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். கணவரைக் கூப்பிட்டு, நேரே பழவங்காடிக்கு வந்துவிடச் சொன்னேன்.

ஆட்டோ கொஞ்ச தூரத்திலேயே நெரிசலில் மாட்டிக்கொண்டது. இறங்கி, ஓட்டமும் நடையுமாகப் போனேன். கோயிலை நெருங்க நெருங்க தேங்காய் உடைபடும் சத்தம் கேட்டது. வேண்டுதல் செய்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக உடைத்துக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ தடவை கேட்ட சத்தம்தான். அன்றைக்கு ஒவ்வொரு தேங்காய்க்கும் என் உடம்பு தூக்கிப் போட்டது. பிள்ளையாரே, அவள் இருந்தால் போதும், வேறு ஒன்றும் கேட்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அதைவிடப் பெரிய பயம் அவள் அம்மாவைப் பார்ப்பது. பெற்றவளிடம் போய் என்னவென்று கேட்பது? உன் மகள் எங்கே என்று கேட்டு, வீட்டில்தானே இருக்கிறாள் என்று அவள் சொல்லிவிட்டால்? கடை தெரிந்தது. அந்த அம்மா ஒரு குடும்பத்துக்குத் தேங்காய் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைக்குள் மகளைக் காணவில்லை. என் கால் அங்கேயே நின்றுவிட்டது. பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நடைபாதையில் நின்றேன்.

அவளே என்னைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சரா? வாங்க, வாங்க. இவளை என்ன செய்ய டீச்சரே, உங்களைத் தூரத்தில கண்டதும் சாக்குக்குப் பொறத்தால ஒளிஞ்சிட்டா. நீங்க வழக்கு பறைவீங்கன்னு பேடி."

வழக்கு பறைவது என்றால் திட்டுவது. அவ்வளவுதான். ஆனால் அப்போது எனக்கு எந்தச் சொல்லும் காதில் ஏறவில்லை. தேங்காய்ச் சாக்குக்குப் பின்னாலிருந்து இரட்டைப் பின்னலும் புத்தகப் பையுமாக எழுந்து நின்றவளை மட்டும் பார்த்தேன். இருக்கிறாள். கண் வீங்கியிருந்தது. ஆனால் இருக்கிறாள். நான் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்தது, அழுதேன். தேங்காய் வாங்க வந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"என்ன எழுதி வச்சிருக்க நீ? ஏன் அப்படி எழுதின?"

அவள் பயந்து அம்மாவைப் பார்த்தாள். "ப்ளாகுக்கு ஞான் இல்லன்னுதானே டீச்சர் எழுதினேன்? சொல்லாம நிக்கிறது மோசம் அல்லே? அதான் க்ஷமிக்கணும்னும் எழுதினேன்."

அந்த நேரத்தில் கணவர் ஹெல்மெட்டைக் கழற்றியபடி வந்து சேர்ந்தார். பெண்ணைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். போனை வாங்கி அந்த இரண்டு வரியைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"இதுக்கா?" என்றார் என்னிடம். "சினிமாவுக்கு வரியான்னு கேட்டா, ஞான் இல்லான்னு இங்க கொச்சுப் பிள்ளைங்க கூடச் சொல்லுமே. அதுக்கு ஞான் வரல, என்னை விட்டுருன்னு அர்த்தம். போன்ல நீ இதை அப்படியே வாசிச்சிருந்தா, அங்கேயே சொல்லியிருப்பேன்."

அப்படியே வாசிக்கவில்லைதான். அவள் எழுதியதை என் பயத்தின் மொழிக்கு மாற்றித்தான் அவரிடம் சொன்னேன். 'ஞான் இல்லா' எத்தனையோ முறை என் காதில் விழுந்திருக்கிறது. பள்ளிக்கூட வராந்தாவில், பஸ்ஸில், விளையாட்டு மைதானத்தில். எழுத்தில், அதுவும் தமிழ் எழுத்தில், அதை நான் பார்த்ததில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அவள் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, அதற்குப் போய் டீச்சர் அழுவானேன் என்று முழித்தாள். நான் மெதுவாக, எங்கள் ஊர்ப் பக்கம் அந்த வரியை எப்படிப் படிப்பார்கள் என்று சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகத்தில் ரத்தம் வற்றியது. மகளைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். பிறகு குவியலிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து அவள் கையில் கொடுத்து, "போய் உடைச்சிட்டு வா" என்றாள். நானும் ஒன்று வாங்கிக்கொண்டு கூடவே போனேன்.

திரும்பி வந்து சாக்குகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அந்த அம்மா யாரையோ அனுப்பிச் சாயா வாங்கித் தந்தாள்.

"சரி, ஏன் ப்ளாக் வேண்டாம்? எல்லாரையும்விட நீதானே நல்லா எழுதுற?"

அவள் சாயா கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்கு நேத்து போன்ல வாசிச்சுக் காட்டினேன் டீச்சர், அட்டையைப் பத்தியும் காட்டுப்போத்தைப் பத்தியும் எழுதினது. அப்பா முழுசும் கேட்டுட்டு, நல்லாருக்கு மோளே, இது ஆரு எழுதினதுன்னு கேட்டாரு. ஞான்தான்னு சொன்னேன். சிரிச்சாரு. நம்பவே இல்ல."

"அதுக்காகவா அழுத?"

"அச்சம் என்னை ஆட்கொண்டதுன்னு ஞான் எழுதல டீச்சர். பேடி வந்துன்னுதான் எழுதினேன். காட்டுப்போத்து வந்தப்போ அப்பாவும் ஞானும் முட்டிடுமோன்னு பெரிய பாத்திரத்துக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நின்னோம். அப்பாவுக்கு எல்லாம் தெரியும். அப்பா கூட அது ஞான்னு அறிஞ்சில்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "அதில ஞான் இல்ல, டீச்சர்."

காலையிலிருந்து என்னை ஓட வைத்த அதே சொல். இந்தத் தடவை தமிழிலும் மலையாளத்திலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். கணவர் சாயாவை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

பாத்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டதை அவள் எழுதியிருந்தாள், இப்போது ஞாபகம் வந்தது. சிரிப்பாக இருக்கிறது, கட்டுரைக்கு ஒட்டாது என்று நான்தான் வெட்டினேன்.

"இனி நீ எழுதுறதுல ஒரு எழுத்துகூட நான் தொட மாட்டேன்" என்றேன். சொல்லும்போதே பயம் வந்துவிட்டது. தலைமை ஆசிரியை என்ன சொல்வார்? பெற்றோர் கூட்டத்தில் யாராவது எழுந்து, இதுதான் நீங்கள் சொல்லிக்கொடுக்கிற தமிழா என்று கேட்டால்? பேடி என்று ஒரு பெண்பிள்ளை எழுதியதை எங்கள் ஊர்க்காரர்கள் படித்தால்? அவள் தலையை மட்டும் ஆட்டினாள். எழுதுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் முழுக்க அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வகுப்பில் வழக்கம்போல ஜன்னலோரம் பேசாமல் இருந்தாள். நான் வற்புறுத்தவில்லை. காலையில் எழுந்ததும் போனைப் பார்ப்பேன். அந்தப் பழைய இரண்டு வரி அனுமதிக்காகக் காத்துக்கொண்டே கிடக்கும். அழிக்க மனசு வரவில்லை, வெளியிட தைரியம் இல்லை. விஷயம் முடிந்துபோயிற்று என்று தெரிந்தும், ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்தவுடன் நெஞ்சு ஒரு தடவை அடித்துவிட்டுத்தான் அடங்கியது.

பிறகு ஒரு நாள் மதிய இடைவேளையில், ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தபோது போன் ஒலித்தது. புதிய பதிவு. இந்தத் தடவை தலைப்பு இருந்தது: 'ஞான் உண்டு'. நானும் வருகிறேன், என்னையும் சேர்த்துக்கொள் என்று இங்கத்துப் பிள்ளைகள் சொல்கிற சொல். நான் என்றுகூட எழுதவில்லை. ஞான் என்றே எழுதியிருந்தாள். உள்ளே காட்டுப்போத்து இருந்தது, குடத்தில் பிடித்த வெள்ளம் இருந்தது, பாத்திரத்துக்குள் இரண்டு தலை இருந்தது. கடைசி வரியில், எனக்கு இப்பவும் பேடி உண்டு என்று இருந்தது.

என் கட்டைவிரல் தன்னாலேயே திருத்தும் இடத்துக்குப் போயிற்று. ஞ வை ந ஆக்க ஒரு நொடி போதும். எதிர் மேஜையில் தலைமை ஆசிரியை இன்னொரு டீச்சரோடு பேசிக்கொண்டிருந்தார். விரலை எடுத்து வெளியிடு என்பதன் மேல் வைத்தேன். எனக்கும் பேடிதான். பேடியோடுதான் அழுத்தினேன்.